ஆளுமைச் சோதனையால் போதைப் பழக்கத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? எங்கள் பாடசாலைக்கு வந்த வினாக்கொத்து

எழுவான்கரை ரீச்சர் எழுதியது:

வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். எந்தப் பாடசாலை என்று எழுதமாட்டேன். காரணம் வாசித்தால் விளங்கும்.

இந்தத் தவணை தொடங்கிய கிழமை, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனின் புத்தகப் பைக்குள் ஐஸ் என்ற போதைப்பொருள் இருந்தது தெரியவந்தது. அவன் இப்போது பாடசாலைக்கு வருவதில்லை. அன்றிலிருந்து பெற்றோருக்கு நிம்மதி இல்லை; எனக்கும் இல்லை. போன சனிக்கிழமை பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு ஒரு தனியார் நிறுவனத்தார் வந்தார்கள். தரம் 9 முதல் 13 வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுமைச் சோதனை ஒன்றை வைக்கலாம், யார் போதைப்பொருள் பாவிக்கிறார்கள், யார் பாவிக்கப் போகிறார்கள் என்பதை அது சொல்லிவிடும் என்றார்கள். 120 கேள்விகள். ஆம், இல்லை என்று புள்ளடி போட வேண்டும். கணினி ஒவ்வொரு பிள்ளைக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு நிறம் கொடுக்கும். பிள்ளைக்கு 600 ரூபாய். பட்டியல் அதிபரிடம் வந்து சேரும்.

மாதிரிக்கு மூன்று பெற்றோருக்கு அங்கேயே சோதனை வைத்து, அவரவர் குணத்தை வாசித்துக் காட்டினார்கள். "என்னோடு கூடவே இருந்து பார்த்து எழுதியது போல இருக்கிறது" என்று மூவரும் சொன்னார்கள். மண்டபம் முழுக்கக் கைதட்டியது.

வினாக்கொத்தின் பிரதி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரவுச் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்துவிட்டு, நானும் கணவரும் ஒவ்வொன்றாக வாசித்தோம். போதைப்பொருள், சாராயம், சிகரெட் என்ற சொற்கள் ஓரிடத்திலும் இல்லை. 'புதியவர்களுடன் எளிதில் பழகுவேன்.' 'சில இரவுகளில் தூக்கம் வருவதில்லை.' 'விதிகளை மீறிப் பார்க்க ஆசை வந்ததுண்டு.' 'காரணம் தெரியாமல் அழுகை வரும்.' இப்படியே போகிறது. நேரே கேட்டால் பிள்ளைகள் பொய் சொல்வார்கள், இதில் தங்களை அறியாமலே அகப்படுவார்கள் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறாள். போன வருடம் கடலுக்குப் போன தகப்பன் திரும்பவில்லை. அவள் எப்படி எழுதுவாளோ அப்படி நினைத்து நான் புள்ளடி போட்டுப் பார்த்தேன். மாதிரிக்குத் தந்த புள்ளித் தாளின்படி அவள் சிவப்பு. பேனையை மூடி வைத்துவிட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கப் போகிறார்கள். இந்தச் சோதனைகளில் உண்மை இருக்கிறதா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சாய்ந்தமருது வாப்பா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும் ரீச்சர். என்னைக் கேட்டால், தாமதிக்காமல் வையுங்கள் என்பேன்.

என் தங்கச்சியின் மகனுக்கு 19 வயது. படிப்பில் கெட்டிக்காரன், வெள்ளி தவறாமல் பள்ளிவாசலுக்குப் போகிறவன். முதலில் அவனுடைய தொலைபேசி தொலைந்தது. பிறகு வீட்டு எரிவாயுச் சிலிண்டர் களவு போனது என்றார்கள். கடைசியில் தங்கச்சியின் காப்பு. ஒன்றரை வருடம் நாங்கள் கண்ணிருந்தும் குருடர்களாக இருந்தோம். முதல் மாதத்திலேயே ஒரு தாள் எங்களிடம் "மருமகனைக் கவனியுங்கள்" என்று சொல்லியிருந்தால் 600 ரூபாய் அல்ல, ஆறு இலட்சம் கொடுத்திருப்பேன். பத்துப் பிள்ளைகளைத் தவறாகச் சந்தேகிப்பதால் ஒரு பிள்ளை தப்பும் என்றால் அந்தச் சந்தேகம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மனதில் பட்டதைச் சொன்னேன்.

வாவிக்கரை எழுதியது:

சாய்ந்தமருதுக் காக்காவின் வேதனையை எதிர்த்து ஒரு சொல்லும் எழுதமாட்டேன். உளநலப் பிரிவில் வேலை செய்கிறவன் நான். அந்த வேதனையோடு வரும் முகங்களைக் கிழமைதோறும் காண்கிறேன். ஆனால் சோதனையைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லியாக வேண்டும்.

கேட்காமலே கண்டுபிடிப்பது என்பது அந்த நிறுவனத்தார் புதிதாகக் கட்டிய கதையல்ல. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஹாத்தவே என்ற உளவியலாளரும் மக்கின்லி என்ற வைத்தியரும் சேர்ந்து உருவாக்கி 1943இல் வெளிவந்த ஆளுமை வினாக்கொத்தை எம்எம்பிஐ என்பார்கள். சரி, பிழை என்று பதில் எழுதும் நூற்றுக்கணக்கான வாக்கியங்கள். உலகில் அதிகம் ஆராயப்பட்ட ஆளுமைச் சோதனைகளில் அதுவும் ஒன்று. 1965இல் மக்கன்ட்ரூ என்ற ஆய்வாளர், குடிக்குச் சிகிச்சை பெற வந்த 200 ஆண்களையும் வேறு மனநலப் பிரச்சினைகளுக்காக வந்த 200 ஆண்களையும் எடுத்து, எந்தெந்த வாக்கியங்களில் இந்த இரண்டு கூட்டமும் வேறுபடுகின்றன என்று தேடினார். 51 வாக்கியங்கள் தேறின. அவற்றில் இரண்டு குடியைப் பற்றியே பேசின, அவற்றை எடுத்துவிட்டார். மிஞ்சிய 49 வாக்கியங்கள்தான் அவர் பெயரால் வழங்கும் அளவுகோல். 'கேட்காமலே பிடிப்போம்' என்று சொல்கிறவர்கள் எல்லோரும் அந்த நிழலில்தான் நிற்கிறார்கள்.

அந்த அளவுகோலில் அதிகப் புள்ளி எடுப்பவர் எப்படிப்பட்டவர்? கலகலப்பானவர், தன்னம்பிக்கை உள்ளவர், ஆபத்துக்கு அஞ்சாதவர். அதாவது அது ஒரு குணத்தைக் காட்டுகிறது. அந்தக் குணமுள்ள பலர் குடியில் விழுகிறார்கள். அதே குணத்தோடு வள்ளம் ஓட்டுகிறவர்களும் பந்தடிக்கிறவர்களும் மேடையில் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். குடியை விட்டுப் பல வருடம் ஆனவரும் அந்தச் சோதனையில் பெரும்பாலும் பழைய புள்ளியைத்தான் எடுக்கிறார். ஆள் மாறிவிட்டார், புள்ளி மாறவில்லை. அப்படியானால் அது இன்றைய பழக்கத்தை அளக்கவில்லை என்றுதானே பொருள்?

மக்கன்ட்ரூவே இன்னொரு வகையினரைப் பற்றியும் எழுதினார். துக்கத்துக்கும் பயத்துக்கும் மருந்தாகக் குடிக்கிறவர்கள். அவர்கள் இந்த அளவுகோலில் குறைந்த புள்ளி எடுத்துத் தப்பிவிடுவார்கள். முப்பது வருட யுத்தமும் ஆழிப்பேரலையும் கண்ட நம் மண்ணில் எந்த வகையினர் அதிகம் இருக்கக்கூடும் என்று யோசித்துப் பாருங்கள்.

எம்எம்பிஐயின் முதற் பதிப்பில் 'சாதாரண மனிதர்' என்று ஒப்பிட எடுத்தவர்கள் பெரும்பாலும் மினசோட்டா ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்த உறவினரும் நண்பர்களும். அது போதாது என்று தெரிந்துதான் 1989இல் ஒப்பீட்டுக் கூட்டத்தையே மாற்றினார்கள். 14 முதல் 18 வயதினருக்கென 1992இல் தனிச் சோதனையே செய்தார்கள். ரீச்சர், உங்களிடம் வந்தவர்களிடம் இந்த ஒன்றைக் கேளுங்கள்: எங்கள் பிள்ளைகளை யாரோடு ஒப்பிட்டுச் சிவப்பு என்கிறீர்கள்?

கடைசியாக ஒரு செய்தி. 1992இல் அதே எம்எம்பிஐ வாக்கியங்களிலிருந்தே இன்னோர் அளவுகோலைப் பிரித்தெடுத்தார்கள். 13 வாக்கியங்கள்தான். சுற்றி வளைக்காமல் குடியையும் போதையையும் நேரே ஒப்புக்கொள்கிற வாக்கியங்கள். அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளில், மறைமுகமான 49ஐ விட நேரடியான இந்த 13தான் நன்றாக வேலை செய்தது.

கணக்குச் சேர் எழுதியது:

காரைதீவில் கணிதம் படிப்பிக்கிறேன். காக்கா சொன்ன பத்துக்கு ஒன்று என்ற கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு நான் எடுத்தவை.

பாடசாலையில் 1000 பிள்ளைகள். 50 பேர் பாவிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சோதனை மிக நல்ல சோதனை. பாவிக்கிற 100 பேரில் 80 பேரைப் பிடிக்கும், பாவிக்காத 100 பேரில் 80 பேரைச் சரியாக விட்டுவிடும். அப்படியானால் பாவிக்கிற 50 பேரில் 40 பேருக்குச் சிவப்பு. பாவிக்காத 950 பேரில் 190 பேருக்கும் சிவப்பு. அதிபரின் மேசையில் 230 பெயர்கள். அதில் 190 பேர் எதுவும் செய்யாத பிள்ளைகள். உண்மையில் பாவிக்கிற பத்துப் பேர் கையில் பச்சை அட்டையோடு வீட்டுக்குப் போவார்கள். "பாடசாலையே சொல்லிவிட்டது, என் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை" என்று தாய் நிம்மதியாகத் தூங்குவாள். எனக்கு அந்தப் பத்துப் பேரை நினைத்தால்தான் பயம் அதிகம்.

சோதனை எவ்வளவு நல்லதானாலும், தேடுகிற பொருள் அரிதாக இருந்தால் இந்த நிலைமைதான் வரும். வைத்தியசாலைக்குத் தானாக வந்தவர்களிடம் வைக்கும்போது சரியாக வேலை செய்கிற அதே சோதனை, ஒரு முழுப் பாடசாலையிடம் வைக்கும்போது பிழைத்துப்போவதற்குக் காரணமும் இதுதான்.

சாய்ந்தமருது வாப்பா எழுதியது:

சேர், கணக்கு விளங்கியது. ஆனாலும் அந்த 40 பேரை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? காப்பு போகும்வரை காத்திருக்கவா? ஆளுமைச் சோதனை வேண்டாம் என்றால் சிறுநீர்ச் சோதனை வைக்கலாமே?

வாவிக்கரை எழுதியது:

காக்கா, சிறுநீர்ச் சோதனை உண்மையில் பொருளையே தேடுகிறது. அந்த வகையில் அது நேர்மையான சோதனை. ஆனால் அது காட்டுவது கடந்த சில நாட்களை மட்டும். ஐஸ் இரண்டு முதல் நான்கு நாள் வரை தெரியும். கஞ்சா, தொடர்ந்து பாவிப்பவருக்குக் கிழமைக் கணக்கில் தெரியும். ஒருமுறை தொட்டுப் பார்த்தவனையும் அதிலேயே மூழ்கியவனையும் அது பிரித்துச் சொல்லாது. சிகிச்சைக்கு வந்தவருக்கு, அவர் சம்மதத்தோடு, வைத்தியர் சொல்லிச் செய்வது வேறு. வகுப்பறை வாசலில் போத்தலோடு நிற்பது வேறு. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் எந்த ஆசிரியரிடமும் வாய் திறக்கமாட்டார்கள்.

நாவலடியான் எழுதியது:

நான் இங்கே வாசிப்பதோடு சரி. இதை வாசித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

2004 மார்கழி 26ஆம் திகதி எனக்கு 14 வயது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே எங்கள் வீடு. அம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும் போய்விட்டார்கள். நான் மாமாவின் சைக்கிளில் கல்லடிக்குப் போயிருந்ததால் இருக்கிறேன். முகாமில் என்னைக் காட்டி, "பாருங்கள், இந்தப் பிள்ளை அழவே இல்லை, எவ்வளவு தைரியம்" என்று சொன்னார்கள். 17 வயதில் கசிப்புச் சாராயம். பிறகு மாத்திரை. பிறகு ஹெரோயின். ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை, ஒருநாளும் ஆசிரியரை எதிர்த்துப் பேசியதில்லை. வாவிக்கரை அண்ணன் எழுதிய அந்த இரண்டாவது வகை நான்தான்.

22 வயதில் கொழும்பில் ஒரு கம்பனியில் களஞ்சிய வேலைக்கு நேர்முகப் பரீட்சை. எல்லோருக்கும் ஆளுமைச் சோதனைத் தாள் கொடுத்தார்கள். காலையில் பாவித்துவிட்டுத்தான் போயிருந்தேன். கை நடுங்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே பாவித்தேன். தாளைப் பார்த்ததும் எனக்கு ஆறுதலாக இருந்தது. 'எடுத்த வேலையை முடிக்காமல் விடமாட்டேன்': ஆம். 'கோபத்தில் பொருட்களை எறிவேன்': இல்லை. நல்ல பிள்ளை என்ன சொல்வான் என்று நம் ஊரில் பிறந்த எவனுக்குத் தெரியாது? சிறுவயது முழுவதும் அதைத்தானே பழக்கினார்கள். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். என் பக்கத்தில் இருந்தவர் மட்டக்களப்பு ஆள்தான், பீடிகூடக் குடிக்காதவர். ஒவ்வொரு கேள்விக்கும் உண்மையான பதில் எது என்று நெற்றியைத் தேய்த்து யோசித்துக்கொண்டிருந்தார். வேலை எனக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. நான்கு மாதத்தில் களஞ்சியத்துச் சாமானைத் திருடி விற்றுப் பிடிபட்டேன். அந்த மனிதரின் முகம் இன்றும் நினைவில் நிற்கிறது.

என்னைக் கண்டுபிடித்தது ஒரு தாதி. கையில் கண்ணாடி வெட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். காயத்துக்கு மருந்து கட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "கடைசியாக எப்போது பாவித்தீர்கள் தம்பி?" என்று கேட்டார். "பாவிக்கிறாயா?" என்று கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பேன், அதை ஆயிரம் பேரிடம் சொல்லிப் பழகியிருந்தேன். எப்போது என்று கேட்டதும் வாயிலிருந்து தானாக வந்தது: "நேற்று இரவு, மிஸ்." அவர் அதிர்ச்சியடையவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. பஞ்சை வைத்துத் துணியைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, முனையை வெட்டிய பிறகு, "கிளினிக் வியாழக்கிழமை. நான் வாசலில் நிற்கிறேன், வருவீர்களா?" என்றார். அவர் சொன்னது போலவே நின்றார். நான் இரண்டு தடவை விழுந்து எழும்பினேன். இப்போது ஆறு வருடமாகத் தொடவில்லை.

ரீச்சர், அந்தத் தகப்பன் இல்லாத பிள்ளைக்குச் சிவப்பு அட்டை போக விடாதீர்கள்.

வந்தாறுமூலை மாணவி எழுதியது:

நாவலடி அண்ணா, நன்றி. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஆளுமையை அளப்பதே வீண் என்று இந்த இழை முடிந்துவிடக் கூடாது என்பதால் ஒன்று சொல்கிறேன். பற்றிஷியா கொன்ரொட் என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 23 வாக்கியங்கள் கொண்ட ஒரு சிறு வினாக்கொத்தை வைத்து நான்கு குணங்களைப் பார்க்கிறார்கள்: நம்பிக்கையிழப்பு, பதற்றத்துக்கு எளிதில் ஆளாவது, யோசிக்காமல் செய்துவிடுவது, புதுப் பரபரப்பைத் தேடுவது. இந்த நான்கும் நான்கு வெவ்வேறு பாதையால் போதைக்குக் கொண்டுபோகக் கூடியவை. ஆனால் அவர்கள் யாரையும் 'பாவிக்கிறவன்' என்று குறிப்பதில்லை. ஒரே குணம் ஓங்கியிருக்கும் பிள்ளைகளைச் சிறு குழுவாக இருத்தி, இரண்டு அமர்வுகளில், அந்தக் குணத்தோடு எப்படி வாழலாம் என்று பழக்குகிறார்கள். போதைப்பொருள் அங்கே பிரதான பேச்சே அல்ல. கனடாவிலும் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பாடசாலைகளில் செய்து பார்த்ததில் குடி குறைந்திருக்கிறது. குணத்தை அறிவது கைகொடுப்பதற்கு உதவும், கைவிலங்குக்கு உதவாது என்பதுதான் என் எண்ணம். 'போதைக்குரிய ஆளுமை' என்று தனியாக ஒன்று இல்லை என்பதை எங்கள் விரிவுரையாளர் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்.

வாவிக்கரை எழுதியது:

தங்கச்சி சொன்னது சரி. நான் அதை எழுதியிருக்க வேண்டும்.

ரீச்சர் எழுதிய அந்தக் கைதட்டலுக்கு வருகிறேன். 1948இல் போரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் 'உங்களுடைய முடிவு' என்று ஒரு தாள் கொடுத்தார். ஐந்துக்கு எத்தனை சரி என்று கேட்டார். சராசரி 4.26. பிறகுதான் சொன்னார், எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள் என்று. சோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய வாக்கியங்கள். 'வெளியே உறுதியானவராகத் தெரிந்தாலும் உள்ளே கவலைப்படுகிறவர்' என்று சொன்னால் யார்தான் இல்லை என்பார்கள்? உங்கள் மூன்று பெற்றோருக்கும் வாசித்த தாள்களை மாற்றி மாற்றி வாசித்திருந்தாலும் மண்டபம் கைதட்டியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

நாவலடித் தம்பி சொன்ன நல்ல பிள்ளைப் பதிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. எம்எம்பிஐயில் பொய்யைப் பிடிக்க 15 வாக்கியங்கள் வைத்திருக்கிறார்கள். எல்லோரிடமும் இருக்கும் சின்னக் குறைகளைக்கூட ஒருவர் மறுத்துக்கொண்டே போனால் ஐயம் எழும். ஆனால் இறுக்கமான சமய ஒழுக்கத்தில் வளர்ந்தவர்கள் உண்மையாகவே பதில் எழுதினாலும் இந்த அளவுகோலில் புள்ளி ஏறிவிடுகிறது. குர்ஆன் மதரசாவிலும் அறநெறிப் பாடசாலையிலும் ஞாயிறு வகுப்பிலும் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதை அப்படியே வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி, என்ன செய்யலாம்? நேரே கேட்கலாம். அதற்கென்றே சிறிய கேள்வித் தாள்கள் இருக்கின்றன, அவற்றுக்குப் பணமும் தேவையில்லை. பெரியவர்களின் குடிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட்: பத்துக் கேள்வி, மொத்தம் 40 புள்ளி, 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். எல்லாப் போதைப்பொருளுக்கும் அதே நிறுவனத்தின் அசிஸ்ட்: எட்டுக் கேள்வி. பிள்ளைகளுக்கு, பொஸ்ரனில் ஒரு சிறுவர் வைத்தியசாலையில் உருவான கிராஃப்ட்: ஆறு கேள்வி. போதையில் இருந்தவர் ஓட்டிய வாகனத்தில் ஏறினாயா, அல்லது நீயே ஓட்டினாயா, மனம் ஆறுவதற்காகப் பாவித்தாயா, தனியாக இருக்கும்போது பாவித்தாயா, அதனால் செய்ததை மறந்து போனாயா, வீட்டாரோ நண்பர்களோ குறைக்கச் சொன்னார்களா, சிக்கலில் மாட்டினாயா. இரண்டுக்கு ஆம் என்றால் உட்கார்ந்து கதைக்க வேண்டும். முடிவு சொல்லும் தாளல்ல அது. கதையைத் தொடங்கும் தாள். மொழிபெயர்த்து அச்சடித்துக் கொடுத்துவிட்டால் போதாது, பயிற்சி பெற்றவர் கேட்க வேண்டும்.

பிள்ளைகள் பொய் சொல்வார்கள் என்கிறார்கள். பதில் அதிபரிடம் போகும் என்றால், பொலிசுக்குப் போகும் என்றால், நானும் பொய் சொல்வேன். கதவு மூடிய அறையில், தண்டனை இல்லை என்று நம்பும்படி ஒருவர் கேட்டால் பலர் உண்மை சொல்கிறார்கள். என் வேலையின் பெரும்பகுதி அந்த நம்பிக்கையைச் சம்பாதிப்பதுதான்.

திருக்கோவில் சட்டமாணவி எழுதியது:

சுருக்கமாக. அமெரிக்காவில் ஒரு வர்த்தக நிறுவனம் பதவி உயர்வுக்கு எம்எம்பிஐ வாக்கியங்களைப் பாவித்தது. அது வெறும் குணச் சோதனை அல்ல, மருத்துவப் பரிசோதனை என்று 2005இல் அந்த நாட்டின் 7ஆவது வட்ட மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அங்கே வேலை கொடுப்பவர் நினைத்தபடியெல்லாம் மருத்துவப் பரிசோதனை செய்ய முடியாது.

நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைப்பொருளில் தங்கியிருப்போரின் சிகிச்சை பற்றியது. ஒருவரைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்புவதென்றால் அங்கே வைத்தியரின் பரிசோதனையும் நீதவானும் வருகிறார்கள்; புள்ளித் தாள் வருவதில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தரவையும் பிள்ளைகள் பற்றிய தரவையும் விசேட வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. ரீச்சர், ஒப்பந்தத்தில் மூன்றைத் தேடிப் பாருங்கள்: விடைத்தாள் யாரிடம் இருக்கும், எவ்வளவு காலம் இருக்கும், தவறான சிவப்புக்கு யார் பொறுப்பு. சிவப்புப் பட்டியல் கிராமத்துக்குள் கசிந்தால் பெண்பிள்ளைகளின் நிலைமை என்ன என்பதை நான் எழுதத் தேவையில்லை.

சாய்ந்தமருது வாப்பா எழுதியது:

நாவலடித் தம்பியின் எழுத்தை இரண்டு தடவை வாசித்தேன். கடையைப் பூட்டிவிட்டு வந்து மீண்டும் வாசித்தேன்.

ஒரு விடயம் சொல்ல வேண்டும். அந்த ஒன்றரை வருடத்தில் நான் மருமகனிடம் ஒருமுறைகூட நேரே கேட்கவில்லை. அவனுடைய பையைத் தேடினேன். கூட்டாளிகளை விசாரித்தேன். பள்ளிவாசல் தலைவரிடம் கதைத்தேன். ஒருநாள் இரவு பின்னால் போய் ஒளித்து நின்றும் பார்த்தேன். அவன் முகத்தைப் பார்த்து, "மகன், கடைசியாக எப்போது?" என்று கேட்கவில்லை. கேட்டால் ஆம் என்று சொல்லிவிடுவானோ என்ற பயம். இப்போது யோசித்தால், அந்தத் தாளை நான் விரும்பியதும் அதனால்தான் போலிருக்கிறது.

வாழைச்சேனை அம்மா எழுதியது:

மகள்தான் எழுதித் தருகிறாள். என் மூத்தவனுக்கு 17 வயது. இரண்டு இரவு தூங்காமல் நடமாடுகிறான், பிறகு ஒரு பகல் முழுக்க எழும்புவதில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிடுகிறான். மாமாவோடு தோணியில் போகிறவன் இப்போது போவதில்லை. யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்று யன்னலுக்குத் துணி கட்டியிருக்கிறான். தகப்பன் வெளிநாட்டில். நான் எப்படிக் கேட்பது?

வாவிக்கரை எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியவற்றைப் பார்த்தால் காத்திருக்க வேண்டாம் என்பேன். இது போதைப்பொருளாகவும் இருக்கலாம், வேறு மனநல நோயாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே வாசல்தான். அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவு. பணம் தேவையில்லை.

அவன் தூங்கி எழும்பிச் சாப்பிட்ட நேரமாகப் பாருங்கள். மற்றவர்கள் இல்லாதபோது கதையுங்கள். அவன் இரவெல்லாம் விழித்திருந்த நேரம் வேண்டாம். "நீ தூங்காமல் இருப்பதைக் காண்கிறேன், சாப்பிடாததைக் காண்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது" என்று கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள். பதிலுக்குப் பொறுத்திருங்கள். யன்னல் துணியை இழுத்துக் கழற்ற வேண்டாம், அவனோடு அதைப் பற்றி வாதாடவும் வேண்டாம். கோபத்தில் கை ஓங்கினாலோ, தன்னை முடித்துக்கொள்வேன் என்று சொன்னாலோ உடனே வைத்தியசாலை. இரவிலும் கதைக்க 1926 என்ற இலக்கம் இருக்கிறது; தேசிய மனநல நிறுவனத்தின் இலவச அழைப்பு. போதைப்பொருள் பற்றிய ஆலோசனைக்கு 1927.

எழுவான்கரை ரீச்சர் எழுதியது:

வெள்ளிக்கிழமைக் கூட்டம் முடிந்தது. கையெழுத்து வைக்கவில்லை. கணக்குச் சேரின் 1000 பிள்ளைக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். 190 என்று எழுதியதும் ஒரு தாய் எழுந்து, "அதில் என் பிள்ளையும் இருக்கலாமே" என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு தகப்பன், உங்களுக்குப் பிள்ளைகளைக் காப்பாற்ற மனமில்லை என்று சொல்லிவிட்டுக் கூட்டத்திலிருந்து போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளை அவர் வீட்டுக்குப் போய்க் கதைக்கலாம் என்றிருக்கிறேன்.

பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தர் செவ்வாய்க்கிழமைகளில் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். நூலகத்துக்குப் பின்னால் விளையாட்டுச் சாமான் போடும் அறையை ஒதுக்கித் தந்தார்கள். கதவு மைதானப் பக்கமாக இருப்பதால் யார் உள்ளே போகிறார்கள் என்று வகுப்பறைகளில் இருந்து தெரியாது. இன்று உயர்தரப் பிள்ளைகள் நான்கு பேர் வலைகளையும் பந்துகளையும் வெளியே எடுத்துவிட்டுக் கழுவித் தந்தார்கள். கதவின் தாழ்ப்பாள் பழுது. அதிபரிடம் சொல்லாமல் நானே ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளையைப் பற்றியும் நாவலடித் தம்பிக்குச் சொல்ல வேண்டும். அவளும் அறை கழுவ வந்திருந்தாள். வேலை முடிந்து வாளியைக் கவிழ்த்துவிட்டு, "ரீச்சர், இங்கே யாரும் வந்து கதைக்கலாமா, போதைப்பொருள் பாவிக்கிறவர்கள் மட்டுமா?" என்று கேட்டாள். யாரும் வரலாம் என்று சொன்னேன்.

வாழைச்சேனை அம்மா எழுதியது:

நேற்றுப் பின்னேரம் கேட்டேன். கனநேரம் பேசாமல் இருந்தான். பிறகு நாள் சொன்னான். அடித்தேன் இல்லை, அழுதேன் இல்லை, பக்கத்தில் இருந்தேன். வியாழக்கிழமை கிளினிக்குக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். பஸ்ஸில் ஆட்கள் பார்ப்பார்கள், வேண்டாம் என்கிறான். மாமா ஓட்டோவில் கூட்டிப்போகிறார். விடிய ஆறு மணிக்கு வெளிக்கிடுகிறோம்.